மதியழகன் வண்டியில் ஒரு குரல்

கதவின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தபடி நிற்கிறார் மதியழகன். வண்டிக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை. ஓட்டுநர் பக்கக் கதவு முடிந்ததும் அடுத்த கதவு. அப்புறம் பின்னால் போய் டிக்கியின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு தலையைக் குனிகிறார். உள்ளே எங்கேயாவது தகரம் தளர்ந்து அதிர்ந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். பெங்களூர் பொம்மனஹள்ளிச் சந்தில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் இந்தச் சோதனை தினமும் நடக்கிறது.

எதிர்வீட்டு லட்சுமம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கன்னடத்தில் கத்துகிறார். பேரன் தூங்குகிறானாம், சத்தத்தைக் குறைக்க வேண்டுமாம். “மதீ, சௌண்டு கம்மி மாடப்பா! மகு மலகிதெ!”

மதியழகன் திரும்பிச் சிரிக்கிறார். “ஆயித்தம்மா, திண்டி ஆயித்து.”

காலை டிபன் ஆயிற்றா என்று கேட்டதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. லட்சுமம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு உள்ளே போகிறார்.

மதியழகனுக்குக் காது மந்தம். முழுச் செவிடு இல்லை. லாரி ஹாரன் கேட்கும், தவில் கேட்கும், ஆம்பிளைக் குரல் கிட்டே இருந்தால் கேட்கும். மெல்லிய சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகக் கழன்றுபோய்விட்டன. திரும்பும்போது போட்ட இண்டிகேட்டர் டிக்டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும்; அவர் பாட்டுக்கு எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் முழுக்க இடதுபக்க விளக்கை மினுக்கிக்கொண்டு போவார். ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் சொல்வது டீக்கடை முழுக்கக் கேட்கும். பின்சீட்டில் இருப்பவர் பேசும்போது கண்ணாடியில் அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு திரிந்த காலம்தான் அவருக்கு ரொம்பக் கஷ்டமான காலம். “வாய மூடிக்கினு பேசினா நான் எப்டி கேக்கறது?” என்பார், பகடியில்லாமல்.

இப்படிப்பட்டவர் வண்டியில்தான் அந்தத் தெருவிலேயே, சொல்லப்போனால் அந்த வட்டாரத்திலேயே, உசத்தியான ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. முன்கதவு இரண்டிலும் பெரிய ஸ்பீக்கர், கண்ணாடியோரத்தில் பொட்டுமாதிரி குட்டி ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபையர், டிக்கியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு பேஸ் பெட்டி. கதவைப் பிரித்து உள்ளே கறுப்பாக ரப்பர் ஷீட் ஒட்டியிருக்கிறது. சாத்தினால் பெரிய வண்டிக் கதவுபோல ‘தொப்’பென்று விழும். வண்டியோ பழைய செடான். சீட் கவர் கிழிந்ததைத் தைத்துப் போட்டிருக்கிறார். ஏர்போர்ட் சவாரி வந்தால் பெட்டிகளில் ஒன்றை முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டுவிடுவார்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. இவ்வளவு காசு கொட்டினதுக்கு இது தகுமா?

ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார். மற்ற டிரைவர்கள் கேட்டால், “பொழுதுக்கும் டிராஃபிக்ல குந்திக்கினு இருக்கமே, நமக்குன்னு ஒண்ணு வேணாவா?” என்பார். போலீஸ்காரர் கேட்டால், “வண்டி வாங்கும்போதே இருந்துச்சு சார்.” தினமும் எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீசுக்கு ஏறும் கிரணிடம் மட்டும் இந்தப் பதில்கள் எடுபடாது. கிரணுக்கு இந்தச் சமாச்சாரமெல்லாம் தெரியும். வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்றே தனியாக அறை வைத்திருப்பவன்.

“அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. இது வீட்ல வெச்சுக் கேட்டா ஓகே. வண்டி ஓடுது, ரோடு சத்தம், ஏசி சத்தம். நீங்க போன்லேர்ந்து போடற பாட்டு, சுருக்கிச் சுருக்கி ஏற்கெனவே பாதி செத்துப்போன பாட்டு. இதுல பாதிக் காசுக்கு வாங்கியிருந்தாலும் கிட்டத்தட்ட இதே சத்தம்தான். மிச்சம் வேஸ்ட்.”

கண்ணாடியில் அந்த உதடுகளைப் பார்த்து முடித்தபின் மதியழகன் தலையாட்டினார். “கரெக்ட்டு சார்.”

உண்மையாகவே அவன் சொன்னது சரி என்றுதான் அவருக்கும் பட்டது. ஆனால் அவர் பாட்டுக் கேட்பதற்காக அதை வாங்கவில்லை.

மதியழகனுக்குச் சொந்த ஊர் கோலார் தங்கவயல். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடினபிறகு அந்த ஊரில் பாதிப்பேர் மாரிக்குப்பத்தில் கிளம்பும் காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இருட்டினபின் வீடு திரும்பினார்கள். மதியழகனும் அதில் ஒருவர். தூங்குகிறவர்கள், சீட்டாடுகிறவர்கள், இட்லிப் பொட்டலம் பிரிக்கிறவர்கள் எல்லாருக்கும் தனித்தனி இடம் இருந்தது அந்த ரயிலில். நடுப்பெட்டியில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள். சாமிப் பாட்டில் ஆரம்பித்து சினிமாப் பாட்டுக்கு வந்து சேர்வதற்குள் பெங்களூர் எல்லையில் கிருஷ்ணராஜபுரம் வந்துவிடும்.

ஒரு மழைநாளில் இடம் கிடைக்காமல் அந்தப் பெட்டியில் ஏறினார். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் தனியாக மேலே போயிற்று. மற்றவர்கள் குரல் எல்லாம் கீழேயே நின்றுவிட்டது. போகமுடியுமா முடியாதா என்கிற இடத்தில் அந்தக் குரல் ஒரு நொடி மூச்சு வாங்கியது, பிறகு போயே விட்டது. மதியழகன் அன்றைக்கு இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. “மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்னாடி மூச்சத்தான் கேட்டேன்” என்று பிற்பாடு சொல்வார். அந்தக் குரலுக்குப் பெயர் விஜி.

கல்யாணம் ஆயிற்று. ரயில் அலைச்சல் வேண்டாமென்று பொம்மனஹள்ளியில் வாடகைக்கு வந்தார்கள். ரக்ஷிதா பிறந்தாள். மதியழகன் பக்கத்திலேயே ஒரு பிரஸ் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து மிதித்தால் டமார் என்று அடித்து உருவத்தை வெட்டி எடுக்கும் மிஷின். அப்படிப்பட்ட மிஷின்கள் வரிசையாக, நாள் முழுக்க. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டால் மேஸ்திரி கூப்பிடுவது கேட்காது, திட்டுவார். பஞ்சை எடுத்துவிட்டார். முதல் வருஷங்களில் வீட்டுக்கு வந்தபிறகும் காதுக்குள் ரீங்காரம் இருக்கும். காலையில் போய்விடும். பிறகு போகவில்லை.

எது எப்போது போயிற்று என்று அவருக்கே தெரியாது. குக்கர் விசில் ஒருநாள் கேட்கவில்லை. குக்கர் பழசாகிவிட்டது என்று நினைத்தார். போன் அடித்தால் மகள் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். சமையலறையில் வேலை செய்துகொண்டே விஜி பாடுவாளே, அந்தப் பாட்டும் நின்றுபோயிற்று.

அது நின்றதற்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். தன்னைக் கட்டிக்கொண்டு வந்து, தையல் மிஷினிலும் அடுப்பிலும் ஓடி ஓடி, விஜிக்குப் பாடுகிற மனசு போய்விட்டது. ரயிலில் அத்தனை பேர் நடுவே தலை நிமிர்ந்து பாடினவளை ஊமையாக்கிவிட்டோம். ஏன் பாடுவதில்லை என்று கேட்டால் அவள் என்ன சொல்வாளோ என்று பயம். அதனால் கேட்கவே இல்லை. வருஷக்கணக்காக, சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அந்தக் கேள்வியைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

கொரோனா வந்தபோது பிரஸ் ஷாப்பை மூடினார்கள். கடன் வாங்கி இந்த வண்டியை எடுத்து, ஒரு கம்பெனியின் ஆட்களை ஏற்றி இறக்கும் கேப் வேலையில் சேர்ந்தார். ரக்ஷிதா காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தோழி வீட்டில் விட்டுவிட்டு வரப் போகும்போது, வண்டியில் ஏதோ பழைய பாட்டு ஓடியது. மதியழகன் பெருமூச்சு விட்டார்.

“உங்கம்மா இத அப்டி பாடுவா. இப்பதான் எல்லாத்தையும் வுட்டுட்டா.”

ரக்ஷிதா அவரைத் திரும்பிப் பார்த்தாள். “இன்னாப்பா சொல்ற? அம்மா எங்க வுட்டாங்க? இன்னிக்குக் காலையில கூட இதத்தான் பாடிக்கினு இருந்தாங்க. நீ ஹால்லதான குந்திக்கினு இருந்த?”

சாலையோரமாக வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அதுகூட அவருக்குக் கேட்கவில்லை. “தினமும் பாடறாளா?” என்று கேட்டார். ரக்ஷிதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மறுவாரம் மகளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நிறைய நேரம் அவர் சும்மாவே உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபின் டாக்டரம்மா ஒரு தாளில் கோடு சரிந்து விழுவதைக் காட்டினார். இங்கே வரைக்கும் உங்களுக்குக் கேட்கிறது, இதற்கப்புறம் பெண்கள் குரல், பிள்ளைகள் குரல், பறவைச் சத்தம் எல்லாம் கஷ்டம், போனது திரும்பாது, காது மிஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார். சரிந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார் மதியழகன். அதற்குக் கீழே எங்கேயோ விஜி பாடிக்கொண்டிருந்தாள்.

ஒரு முகாமில் கொடுத்த காது மிஷினை மாட்டினார். தட்டு வைக்கிற சத்தம் மண்டையில் அடித்தது. பொரியல் தாளிப்பது மழைபோல் இரைந்தது. விஜி பேசினால் தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ பேசுகிறமாதிரி இருந்தது. பழகப் பழகச் சரியாகும் என்றார்கள். பழகுவதற்குள் கம்பெனியின் வண்டிப் பொறுப்பாளர் அதைப் பார்த்துவிட்டார். காது கேட்காத டிரைவரை வைத்துக்கொண்டு நாளைக்கு ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்று ரோஸ்டர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார். மதியழகன் மிஷினைக் கழற்றியதோடு சரி. கிரண் மாதிரி மாதவாடகைக்கு ஆட்களைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இன்னும் நல்ல மிஷின் வாங்கலாம் என்று விஜி பணம் ஒதுக்கி வைத்தாள். அவர் தலையாட்டினார், ஆசையில்லாமல்.

அந்தச் சமயத்தில்தான் வண்டி ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று கிரண் சொன்னான். ரிப்பேர் பார்க்க, வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டுக்குப் போனார். கடைக்கார நரேஷ், வேலை முடியும்வரை உட்காரட்டும் என்று, விளம்பரத்துக்காக வைத்திருந்த வண்டியில் அவரை உட்கார வைத்து ஒரு பாட்டைப் போட்டான். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“இன்னாண்ணா, புடிக்கலையா?”

“எனக்கு மேல் சத்தம் கேக்காதுப்பா. கோடு அப்டியே கீழ வந்துருச்சி.”

நரேஷ் உதட்டைப் பிதுக்கிவிட்டு, லேப்டாப்பைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். எங்கே கேட்கவில்லை என்று கேட்டுக் கேட்டு அங்கே மட்டும் சத்தத்தை ஏற்றினான். சாதாரண ஸ்பீக்கர் என்றால் இவ்வளவு ஏற்றினால் கிழிந்துவிடும், இது தாங்கும் என்றான். திடீரென்று, டேஷ்போர்டுக்கு மேலே, கைக்கெட்டும் தூரத்தில், ஒரு பெண் பாடினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் முனை இருந்தது. வரி முடிந்து அடுத்த வரி எடுப்பதற்கு முன்னால் அவள் மூச்சு வாங்கினாள்.

மதியழகன் கையை நீட்டி நரேஷின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “அத திருப்பிப் போடு.”

“பாட்டயா?”

“பாட்டு வேணாம். மூச்சு வாங்கனா இல்ல, அத.”

நரேஷ் திரும்பத் திரும்பப் போட்டான். வெளியே ஜே.சி. ரோட்டில் யாரோ ஒருவர் சைலன்சரைத் தட்டிக்கொண்டிருந்தார். மதியழகன் கேட்டார்: “போன்ல பதிஞ்ச குரல இதுல போட்டா வருமா? ஊட்ல பாடறது?”

“என்ன போட்டாலும் வரும்ணா.”

விஜி ஒதுக்கி வைத்த பணம் அத்தனையும் கதவுக்குள் போயிற்று. போதாமல் கொஞ்சம் தவணையும் சொன்னார். காது மிஷின் வாங்கியிருந்தால் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அவருக்குத் தெரு வேண்டாம், அந்த ஒரு குரல் போதும் என்று கணக்குப் போட்டார். நரேஷ் அவர் காதுக்கென்றே அளந்து சரிசெய்து கொடுத்தான்.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டை லட்சுமம்மா வீடுவரை கேட்டது. விஜி சாதாரணமாகக் கத்துகிறவள் இல்லை. “காதுக்கு வெச்ச காசு! காருக்குப் போட்டுட்டு வந்து நிக்கறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?”

மதியழகன் போனை நீட்டினார். “நீ ஒரு பாட்டு பாடு விஜி. இதுல புடிச்சு வண்டில போட்டுக் கேக்கறேன். அதுக்குத்தான்.”

அவள் அந்தப் போனைப் பார்த்தாள். கோபம் எங்கேயோ போய் முகம் சப்பென்றாகிவிட்டது. “இத்தினி வருசமா இந்த ஊட்லதான பாடிக்கினு இருந்தேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நல்லா இருக்குன்னு சொன்னீங்களா? ரயில்ல வரும்போது இறங்கற இடத்த வுட்டுட்டு வந்தவரு, கூட இருக்கும்போது திரும்பிக்கூடப் பாக்கலன்னா நான் இன்னா நெனைக்கறது? என் குரலு உங்களுக்கு அலுத்துப்போச்சுன்னு நெனச்சேன்.”

“எனக்குக் கேக்கல விஜி.”

“அப்ப எனக்கு எப்டித் தெரியும்? நீங்க சொன்னாதான தெரியும்.” போனை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். “பொட்டி வழியா கேக்கறதுக்கு நான் பாடமாட்டேன்.”

அதற்கப்புறம் அவள் வண்டியில் ஏறவில்லை. கல்யாணம், காரியம் எதுவானாலும் பஸ்ஸில் போனாள். கம்பெனி ரோஸ்டரிலிருந்து பெயர் போனபோதுகூட அவர் இவ்வளவு தனியாக உணரவில்லை. காலையில் கதவில் கைவைத்துப் பார்க்கிற பழக்கம் அப்போது வந்ததுதான். உள்ளே யாரோ பாடுகிறாள். யாராக இருந்தாலும் விஜி இல்லை. விடியற்காலையில் சமையலறை வாசலைத் தாண்டும்போது அவள் முதுகைப் பார்ப்பார். தோள் லேசாக அசையும். பாடுகிறாளா, மாவு பிசைகிறாளா என்று தெரியாது.

போன மாதம் ரக்ஷிதா பஸ் ஸ்டாப்பில் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அப்பா, உன் போனுக்கு ஒண்ணு அனுப்பிருக்கேன். நேத்து காலையில கிச்சன் ஜன்னல்ல போன வெச்சு புடிச்சேன். அம்மாவுக்குத் தெரியாது. தனியா இருக்கும்போது கேளு.”

கிரணை ஆபீசில் விட்டபின், வண்டிகள் நிற்கும் இடத்தில் மதில் ஓரமாக, புங்கமரத்து நிழலில் நிறுத்தினார். மற்ற டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான்கு கண்ணாடியையும் ஏற்றினார். ஏசியை அணைத்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார், யாரையோ பார்க்கப் போகிறமாதிரி.

முதலில் குழாய்த் தண்ணீர். பாத்திரம். பிறகு குக்கர் விசில் அடித்தது. மதியழகன் சீட்டில் துள்ளிவிட்டார். அதன் பின்னாலிருந்து விஜி வந்தாள்.

அது அந்தக் குரல் இல்லை. அவர் இத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது ரயில்பெட்டியில் பாடிய பெண்ணின் குரல். இது தடித்த, கரகரப்பான, கொஞ்சம் சோர்ந்த குரல். மேலே ஏறவேண்டிய இடத்தில் ஏறாமல், வழக்கமாகச் சுற்றிப்போகிறவள்போல் பக்கவாட்டில் இறங்கிப் போயிற்று. அந்த இளம்பெண் எப்போது இப்படி ஆனாள், நடுவில் வந்த குரல்களெல்லாம் எங்கே போயின என்று அவருக்குப் பதைத்தது. நாளுக்கு நாள் மாறியதை எல்லாம் சுவரும் பாத்திரமும் கேட்டிருக்கின்றன. அவர் கேட்கவில்லை.

பாட்டு நடுவிலே நின்றது. “ஏங்க, காப்பி.”

கரண்டி. “ஏங்க.”

எங்கேயோ தூரத்தில், பேப்பர் புரட்டுகிற சத்தமும் ஓர் ஆணின் கனைப்பும் கேட்டன. அது யார் என்று யோசித்துவிட்டு, தான்தான் என்று மதியழகன் கண்டுகொண்டார்.

“ஏங்க! காப்பி ஆறுது.”

மறுபடி பேப்பர். விஜி தனக்குத்தானே, கோபமே இல்லாமல், பழகிப்போன ஒரு காரியத்தைச் சொல்வதுபோல், “சரி, நானே கொண்டாரேன்” என்றாள். தம்ளரை எடுக்கிற சத்தம். பிறகு, விட்ட அதே வார்த்தையிலிருந்து பாட்டை எடுத்துக்கொண்டு ஹாலை நோக்கி நடந்து போனாள். குரல் தேய்ந்துகொண்டே போயிற்று. ஆணின் பக்கத்தில் தம்ளர் வைக்கும்போதும் பாடிக்கொண்டுதான் இருந்தாள். ஆண் நிமிரவில்லைபோலும். குரல் பாடியபடியே திரும்பி வந்தது.

நேற்றுக் காலை அந்தக் காப்பியைக் குடித்தது அவருக்கு நினைவிருந்தது. யார் வைத்தார்கள் என்றுகூடப் பார்க்காமல் கைநீட்டி எடுத்தார்.

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். பக்கத்து வண்டி டிரைவர் பழனிச்சாமி வந்து கண்ணாடியைத் தட்டினார், உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று. கண்ணாடியை இறக்கியதும் விஜி குரல் வெளியே வந்தது.

“யாரு மதி பாடறது? ரேடியோவா?”

“ஊட்ல.”

பழனிச்சாமி கொஞ்சம் நின்று கேட்டார். “நல்லாருக்குதே” என்றார். தன் வண்டிக்குத் திரும்பிப் போனார். வருஷக்கணக்காகத் தான் சொல்ல வேண்டியிருந்த சொல்லை அடுத்தவன் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறான் என்று மதியழகன் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் கிரண் ஏறினான். சில்க் போர்டு நெரிசலில் வண்டி நின்றது. “இன்னிக்குப் பாட்டு இல்லையாண்ணா?”

“வேணாம் சார் இன்னிக்கு.”

“அதான் சொன்னேன், வேஸ்ட்னு.” கிரண் சிரித்தான், குத்தலில்லாமல்.

மதியழகன் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். “வேஸ்ட் இல்ல சார். எதுக்கு வாங்கனனோ அது வந்துருச்சி. வேற ஒண்ணும் கூட வந்துருச்சி.” கிரணுக்குப் புரியவில்லை. சிக்னல் விழுந்தது. அவர் வண்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். ரக்ஷிதா இன்னும் வரவில்லை. வழக்கமாகச் செருப்பைக் கழற்றியதும் ஹாலில் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துவிடுவார். அன்றைக்கு அந்த நாற்காலியை முதுகைப் பிடித்துத் தூக்கினார். குறுகலான நடையில் அது சுவரில் இடித்தது. சமையலறை வாசலில் கொண்டுவந்து போட்டு, உள்பக்கம் பார்த்து உட்கார்ந்தார்.

விஜி மேடையில் சுவரைப் பார்த்தபடி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

“இன்னா, நாக்காலியெல்லாம் இங்க? ஃபேன் ஓடலையா?”

உதட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். “ஓடுது.”

“பின்ன?”

முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தார். விஜிக்கு முதலில் எரிச்சல் வந்தது. பிறகு அவர் கண்ணைப் பார்த்தாள். மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கத்தி கொஞ்ச நேரம் ஓடியது. தோள் லேசாக அசைந்தது.

“விஜி” என்றார். “இப்பப் பாடறியா?”

கத்தி நின்றது.

பிறகு அடுப்பைத் தணித்தாள். மேடையிலிருந்த பலகையையும் பீன்ஸ் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து தரையில் வைத்து, முந்தானையை ஒதுக்கிக்கொண்டு, அவர் நாற்காலிக்கு நேர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். முகத்தை நிமிர்த்தி, விளக்கு வெளிச்சம் வாயில் விழும்படி வைத்துக்கொண்டாள்.